மூன்றாவது கேன்

தென்காசியில் ஒரு மருந்துக்கடையில் முப்பது வருஷம் நின்ற ஆவுடையப்பன், ஐம்பத்தெட்டாவது வயதில் அந்தமானுக்கு மகள் வீட்டோடு வந்துசேர்ந்தார். வந்த இடத்தில் கயாக் ஓட்டக் கற்றுக்கொண்டார். ஒற்றை ஆள் கால் நீட்டி உட்கார்ந்து துடுப்புப் போடுகிற ஒல்லிப் படகு அது.

கற்றுக்கொடுத்த பெர்னதெத்துக்கு அவர் மகளைவிட வயது குறைவு. அவளை அவர் டீச்சர் என்பார். அவரை அவள் அண்ணாச்சி என்பாள்.

பதினோரு மாதம் கரையோரமாகவே சுற்றவிட்டவள், ஒருநாள் தானாகவே சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை சங்குவால் தீவுக்குப் போறோம். மூணு நாள். அங்க ஊத்து கிடையாது. ஆளுக்கு மூணு கேன் தண்ணி கண்டிப்பா வேணும்."

பதினாலு கிலோமீட்டர் கடல். மனுஷன் யாரும் குடியில்லாத மணல். ஆவுடையப்பனுக்கு அன்றிலிருந்து அதே நினைப்புதான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் முதல் ஆளாகக் கரைக்கு வந்துவிட்டார். படகின் முன்னும் பின்னும் மூடி போட்ட அறைகள் இருந்தன. மூன்று கேன் தண்ணீரும் கூடாரமும் உள்ளே போயின. அரிசி, பருப்பு, சீடை டப்பா, பைனாகுலர், ஏழு வகை மாத்திரை எல்லாம் போயின. பழைய பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே அடுக்கினார்.

மடக்கு நாற்காலி மட்டும் போகவில்லை.

அந்த ஆளில்லாத கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்க்கவேண்டும் என்று நாலு நாளாக நினைத்திருந்தார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். கடைசியில் ஒரு தண்ணீர்க் கேனை வெளியே எடுத்துத் தாழம்புதருக்குப் பின்னால் வைத்தார். நாற்காலி உள்ளே போனது.

டீச்சர் எப்படியும் கூடுதலாகத்தான் கொண்டுவருவாள் என்று சொல்லிக்கொண்டார்.

பெர்னதெத் தன் படகை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"பாத்துச் சொல்லுங்க டீச்சர். சரியா அடுக்கியிருக்கேனா?"

அவள் மூடியைத் திறக்கவில்லை. படகின் மூக்கைத் தூக்கிப் பார்த்துக் கீழே வைத்தாள்.

"இதுல நான் வாரேன். நீங்க என்னுதுல ஏறுங்க."

"எதுக்கு டீச்சர்?"

"தீவுக்கு முன்னால நீரோட்டம் இழுக்கும். ஆளுக்கொரு பக்கமா ஒதுங்கிட்டோம்னா, மறுநாள்தான் கண்டுபிடிக்க முடியும். சில சமயம் ரெண்டு நாளும் ஆகும்."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. யார் எதுல போனா என்ன?"

சொல்லிவிட்டு அவள் அவருடைய படகின் இருக்கையைத் தன் காலுக்குத் தோதாக முன்னால் நகர்த்தத் தொடங்கினாள்.

ஆவுடையப்பன் அவளைப் பார்த்தார். அந்தப் பெண் எங்கோ ஒரு பாறைக்கரையில் உட்கார்ந்து, மூடியைத் திறந்து, மூன்றாவது கேனைத் தேடுவது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. அவள் கையில் நாற்காலிதான் வந்தது.

"டீச்சர், ஒரு அஞ்சு நிமிஷம்."

"என்ன அண்ணாச்சி?"

"ஒரு கேனை வெளிய எடுத்து வச்சுட்டேன்."

அவள் தள்ளிப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆவுடையப்பன் எல்லாவற்றையும் மணலில் கொட்டினார். நாற்காலியைத் தூக்கிப் புதருக்குப் பின்னால் போட்டார். மூன்று கேன்களையும் அடியில் நடுவாக இறுக்கினார். தீப்பெட்டியை இரண்டு பாலிதீன் பையில் சுற்றினார். விசிலை இருக்கைக்குப் பக்கத்தில், கை எட்டும் இடத்தில் கட்டினார். தன் பெரிய தொப்பியையும் மேலே வைத்தார். மூடியின் ரப்பரை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார். அதை அவர் முன்பு செய்யவே இல்லை.

வேர்த்து வழிந்தது. ஆனாலும் முகம் மலர்ந்திருந்தது.

"இப்ப ஏறுங்க டீச்சர். தைரியமா ஏறுங்க!"

பெர்னதெத் வந்து தன்னுடைய படகிலேயே உட்கார்ந்தாள்.

"மாத்திக்கிடலாம்னு சொன்னீங்களே?"

"சொன்னேன்."

"பின்ன?"

அவள் துடுப்பைக் கையில் எடுத்தாள்.

"அதுல போற ஆளு பத்திரமாத் திரும்பி வந்துருவாரு அண்ணாச்சி. சீக்கிரம் ஏறுங்க, கரையில தண்ணி வத்துது."