நாலு பேருக்கு ஒரு போன்

மந்திக்குளத்து நண்பர்கள் நாலு பேரும் எதையும் கூடிப் பேசித்தான் முடிவு செய்வார்கள். ஊருக்கு அதுதான் பயம்.

வெளியூர் கிளம்பினால் ஆளுக்கொரு பொருள் கொண்டுபோவது அவர்கள் வழக்கம். அணஞ்சபெருமாளிடம் அலாரக் கடிகாரம், செண்பகராமனிடம் டார்ச் லைட், பிச்சுமணியிடம் கேமரா, கோமதிநாயகத்திடம் முகம் பார்க்கும் கண்ணாடி. ஒருவன் பொருளை இன்னொருவன் தொட்டதே கிடையாது.

முப்பத்தாறு வயதான கோமதிநாயகத்துக்கு ஏழு சம்பந்தம் தட்டிப்போய், எட்டாவதாக மேட்டுப்பாறையில் ஒரு பெண் அமைந்தது. பெயர் உலகம்மாள். அவன் அம்மா ஆவுடையம்மாளுக்கு முழங்கால் வலி. பஸ் ஏற முடியாது.

"நீங்க நாலு பேரும் போய்ப் பாருங்க. பொண்ணை போட்டோ எடுத்துட்டு வாங்க. போட்டோ இல்லாம வந்தா இந்தச் சம்பந்தம் கிடையாது" என்று சொல்லிவிட்டாள். கோமதிநாயகத்துக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை, பாவம்.

கேமராவைப் பழுது பார்க்கப் போன இடத்தில் கடைக்காரர் ஒரு செல்போனைக் காட்டினார். "அண்ணாச்சி, மணி, டார்ச்சு, கேமரா, மூஞ்சி பாக்குற கண்ணாடி எல்லாம் இது ஒண்ணுலயே இருக்கு. மத்ததை மூட்டை கட்டி வைங்க."

வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, மற்றவற்றை மூட்டை கட்டிப் பரணில் வைத்தார்கள். அப்புறம்தான் சிக்கல் தெரிந்தது.

"போன் ஒண்ணு. பொறுப்பு நாலு பேருக்கு. யாரு வச்சிக்கிடறது?" என்றான் அணஞ்சபெருமாள்.

"ஆளுக்கு அரை மணி நேரம். மணி, டார்ச்சு, கண்ணாடி, கேமரா, அந்த வரிசையில. ஒருத்தன் முறையில அடுத்தவன் கை வைக்கப்படாது" என்றான் செண்பகராமன். இதைவிட நியாயமாக யாரும் சொல்லிவிட முடியாது என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள்.

காலை ஆறு மணி பஸ்ஸில் முதல் முறை அணஞ்சபெருமாளுடையது. மேட்டுப்பாறையில் இறங்கத் தவறக்கூடாதென்று எட்டே முக்காலுக்கு அலாரம் வைத்தான். மற்றவர்கள் முறையின்போது நேரம் தெரிய வேண்டுமென்றால் பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டார்கள்.

எட்டே முக்காலுக்கு அலாரம் அடித்தபோது போன் செண்பகராமன் கையில் இருந்தது.

"அதை நிறுத்துங்க" என்றார் கண்டக்டர்.

"நான் டார்ச்சு. அலாரம் அவன் பொறுப்பு."

"அப்போ நீர் நிறுத்தும்வே."

"என் முறை பத்து மணிக்குத்தான் வருது" என்றான் அணஞ்சபெருமாள் வருத்தத்தோடு.

கண்டக்டர் விசில் ஊதி, நாலு பேரையும் நடுக்காட்டில் இறக்கிவிட்டார். மீதி ஐந்து கிலோமீட்டரை நடந்து, பத்தரை மணிக்குப் பெண் வீட்டில் நுழைந்தார்கள். அது மறுபடியும் டார்ச் முறை.

உலகம்மாள் காபித் தட்டோடு வந்தாள். செண்பகராமன் எழுந்து, கடமை தவறாமல் அவள் முகத்துக்கு நேராக டார்ச் அடித்தான். அவள் கண் கூசி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கோமதிநாயகமோ வெட்கத்தில் குனிந்த தலை நிமிரவில்லை.

"போட்டோ எடுக்கணும்னு சொன்னீகளே" என்றார் பெண்ணின் அப்பா.

"எடுப்போம். பதினொன்றரைக்கு" என்றான் பிச்சுமணி.

பதினோரு மணிக்குக் கண்ணாடி முறை. கோமதிநாயகம் போனில் தன் முகம் தெரியும்படி வைத்துக்கொண்டு அரை மணி நேரமும் அதையே பார்த்தான். தன் பங்கை ஒரு நிமிஷம்கூட வீணாக்கவில்லை.

"மாப்பிள்ளை என்னைப் பாக்க வந்தாரா, அவரைப் பாக்க வந்தாரா?" என்று உள்ளேயிருந்து உலகம்மாள் கேட்டாள். பதில் சொல்லும் பொறுப்பு யாருக்கும் இல்லாததால் நாலு பேரும் இரண்டாவது காபியைக் குடித்தார்கள்.

பதினொன்றரைக்கு போன் அப்படியே பிச்சுமணி கைக்கு வந்தது. உலகம்மாளைக் கூட்டிவந்து எதிரே நிறுத்தினார்கள். பிச்சுமணி மரியாதை தெரிந்தவன். கல்யாணமாகாத பெண்ணை முறைத்துப் பார்க்கலாமா? கண்களை இறுக மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினான். கேமரா அவன் பொறுப்பு என்பதால் மற்ற மூவரும் எட்டிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆவுடையம்மாள் போட்டோவை வெகுநேரம் பார்த்தாள். கோமதிநாயகம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கண்ணை மூடிக்கிட்டு இருக்காளே" என்றாள்.

"அடக்கமான பொண்ணும்மா" என்றான் அவன்.

"எங்கியோ பாத்த மூஞ்சியா இருக்கு. நம்ம பிச்சுமணி சாடை."

பிச்சுமணியும் வாங்கிப் பார்த்தான். "ஆமா அத்தை, எனக்கே தெரிஞ்ச மூஞ்சியாத்தான் இருக்கு. எங்க வகையில தூரத்துச் சொந்தமா இருக்கும்."

"முகம் லட்சணம்தான். நான் சம்மதிக்கேன்" என்றாள் ஆவுடையம்மாள். கோமதிநாயகம் அழுதேவிட்டான். "ஒரே ஒரு குறைதான். அதைச் சரி பண்ணச் சொல்லி உடனே சேதி அனுப்புங்க."

போனில் பேசும் பொறுப்பை யாருக்கும் பிரித்துக் கொடுத்திருக்கவில்லை. அதனால் நாலு பேரும் கூடிப் பேசி ஒரு தபால் கார்டு எழுதினார்கள்:

"பெண் எங்களுக்குப் பூரண சம்மதம். முகூர்த்தத்துக்கு முந்தின நாளாவது மீசையை எடுத்துவிடவும்."