கரடி வளர்த்த தாடி ஓணான்

மேகங்கள் வந்து படுத்து உறங்கிவிட்டுப் போகிற ஒரு காட்டில், அருவிக்குப் பின்னால் ஒரு குகை இருந்தது. அதில் பூவாத்தா என்ற கரடி தனியாக வாழ்ந்து வந்தாள். யாருக்காவது ஊட்டிவிட வேண்டும், யாரையாவது தட்டிக் கொடுத்துத் தூங்க வைக்க வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் குழந்தைகளே, கரடி வீட்டுக்கு விருந்தாளியாக யார் வருவார்கள், சொல்லுங்கள்?

ஒருநாள் பெரிய சூறைக்காற்று அடித்தது. அது தொலைதூரத்து மணல்காட்டில் இருந்த ஓர் ஓணானைச் சுருட்டி எடுத்து வந்து, பூவாத்தாவின் குகை வாசலில் பொத்தென்று போட்டுவிட்டுப் போனது. அவன் தாடை முழுக்க முள்முள்ளாகத் தாடி.

"உம் பேரென்ன கண்ணு?" என்று கேட்டாள் பூவாத்தா.

"முள்ளானுங்க அக்கா."

அக்கா என்று அவளை யாரும் அதுவரை கூப்பிட்டதே இல்லை. அவள் உருகிப் போனாள்.

"இனி நீ எங்கேயும் போக வேண்டாம். உன்னை நான் வளர்க்கிறேன்!"

பூவாத்தாவின் உடம்பெல்லாம் அடர்ந்த முடி. வெயில் என்றாலே அவளுக்கு ஆகாது. அதனால் குகையிலேயே மிகக் குளிர்ந்த மூலையை முள்ளானுக்குக் கொடுத்தாள். ஈரப் பாசியில் மெத்தை போட்டாள். அருவியின் சாரல் அவன்மேல் பூப்பூவாக விழுந்தது. தேன், பலாச்சுளை, கறையான் என்று தனக்குப் பிடித்ததையெல்லாம் கொண்டுவந்து குவித்தாள்.

முள்ளான் பயந்த சுபாவம் உள்ளவன். தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அக்கா, எனக்குக் கொஞ்சூண்டு வெயில் கிடைக்குங்களா?"

"வெயிலா! அந்தப் பேச்சே எடுக்காதே. தோலு கருகிப் போயிரும்."

"இல்லீங்க அக்கா, எங்க ஊருல வெயில்ல காஞ்சாத்தான்..."

"நீ சின்னப் பிள்ளை, உனக்கென்ன தெரியும்? எங்கே, ஆ காட்டு!"

அவன் வாயைத் திறந்தான். பலாச்சுளை உள்ளே போனது. அவன் சொல்ல வந்தது வெளியே வரவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு மயில் எட்டிப் பார்த்தது. ஓணான் என்றால் அதற்கு உயிர்.

"பூவாத்தா, பாவம் அந்தப் பிள்ளை. வெளியே விடேன், வெயில்ல கொஞ்சம் விளையாடட்டும்" என்றது மயில், எச்சிலை விழுங்கிக்கொண்டு.

பூவாத்தா ஓர் உறுமல் உறுமினாள். மயில் பறந்தே போய்விட்டது.

"பார்த்தியா? வெயிலு வெயிலுன்னு சொல்றவங்க எல்லாரும் இப்படித்தான்!" என்றாள் முள்ளானிடம். அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

ஆனால் சாப்பிடச் சொல்லும்போதெல்லாம் ஒரு கையை மெல்லத் தூக்கி, காற்றில் வட்டமாக அசைத்தான். நான் சின்னவன், என்னை விட்டுவிடுங்கள் என்று தாடி ஓணான்கள் இப்படித்தான் சொல்லும். பூவாத்தாவுக்கு இது எங்கே தெரியும்? இன்னும் கேட்கிறான் என்று நினைத்தாள். இன்னொரு வாய் ஊட்டினாள்.

மாலையில் மேகம் குகைக்குள்ளேயே வந்துவிடும். மின்மினிகள் அதற்குள் மிதக்கும். பூவாத்தா அவனைத் தட்டிக் கொடுத்துத் தாலாட்டுப் பாடுவாள். முள்ளானும் கண் மூடிக் கனவுக்குள் போய்விடுவான்.

"சுடுது... மணலு சுடுது... கல்லும் சுடுது..." என்று தூக்கத்தில் முனகுவான்.

"ஐயோ, பிள்ளைக்குக் காய்ச்சல்!" என்று பதறிப் போய், ஈர இலைகளை அவன்மேல் போர்த்துவாள் பூவாத்தா.

முள்ளான் நாளுக்கு நாள் கறுத்தான். வயிறு கல்லாக இறுகியது. கடைசியில் ஒரு காலையில் பூவாத்தா கூப்பிட்டபோது அவன் கண் திறக்கவில்லை. தொட்டுப் பார்த்தாள். சில்லென்று விறைத்துக் கிடந்தான்.

நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது அவளுக்கு. ஆசை ஆசையாக வளர்த்த பிள்ளை! அவனை மார்போடு அணைத்துக்கொண்டு, மேகத்துக்கு மேலே இருந்த மேட்டுக்குப் போனாள். அங்கேதான் மண் மெத்தென்று இருக்கும். பக்கத்தில் இருந்த தட்டைப் பாறையில் அவனைக் கிடத்திவிட்டுக் குழி தோண்ட ஆரம்பித்தாள். கொஞ்சம் தோண்டுவாள், உட்கார்ந்து அழுவாள், மறுபடி தோண்டுவாள். அதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

மயில் மோப்பம் பிடித்து வந்து சேர்ந்தது.

"குழி எதுக்குப் பூவாத்தா? எங்கிட்டக் குடு, நானே அடக்கம் பண்ணிடறேன்."

"எங்கே?" என்றாள் அவள், அழுகைக்கு நடுவே.

"என் வயித்துலதான்!" என்று சொல்லி, மயில் பாறையில் தாவிக் கழுத்தை நீட்டியது.

படக்கென்று முள்ளானின் கண் திறந்தது. தாடி உப்பியது, கன்னங்கரேலென்று கறுத்தது. வாயை அகலத் திறந்து ஒரு சீறு சீறினான். செத்தது சீறுகிறதே என்று அலறிய மயில் பின்னால் சாய்ந்து குழிக்குள் விழுந்தது. எழுந்து தோகையில் மண்ணோடு ஓடியதுதான், திரும்பிப் பார்க்கவில்லை.

பூவாத்தா பாறைக்கு ஓடி வந்து குனிந்து பார்த்தாள். பாறையோடு வயிற்றை ஒட்டிக்கொண்டு, கறுப்பெல்லாம் போய் மஞ்சள் மினுங்கக் கிடந்தான் முள்ளான்.

"கண்ணு... நீ சாகலையா?"

"குளிருல விறைச்சுப் போயிட்டனுங்க அக்கா. கல்லு சுட்டதும்தான் உசுரு வந்துச்சு. வயித்துல சூடு ஏறினாத்தானுங்க எங்களுக்குச் சாப்பாடே செரிக்கும்."

"அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று கேட்டவள், கேட்ட வேகத்திலேயே தலையைக் குனிந்துகொண்டாள். "சொன்னே கண்ணு. நான்தான் கேக்கலை."

முள்ளான் இன்னும் கொஞ்சம் வெயில் காய்ந்தான். பிறகு சொன்னான்:

"அக்கா, பசிக்குதுங்க."

அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள்.

"என்ன வேணும், நீயே சொல்லு."

"வெட்டுக்கிளிங்க. கூடக் கொஞ்சம் இளந்தளிரு."

புல்வெளியெங்கும் உருண்டு புரண்டு வெட்டுக்கிளி பிடித்து வந்தாள் பூவாத்தா. அவன் தின்னத் தின்ன, மயில் வராமல் இருக்கப் பாறைக்குப் பக்கத்திலேயே காவல் இருந்தாள். உச்சி வெயில் கொளுத்தியது. நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கினாள்.

"உங்களுக்குச் சுடலீங்களா அக்கா?"

"சுடத்தான் செய்யுது. நீ சாப்பிடு கண்ணு."

நீதி: நமக்குப் பிடித்ததை ஊட்டுவது மட்டும் அன்பு ஆகாது, மற்றவருக்கு என்ன வேண்டும் என்று காது கொடுத்துக் கேட்பதே அன்பு.