ஏரிக்கரையில் எல்லோருக்கும் பல்வலி

ஒரு காட்டில் பெரிய ஏரி ஒன்று இருந்தது. அதன் கரைக்குக் கீழே இருந்த பள்ளத்தில் வடிவு என்ற நீர்நாய் தன் அம்மாவோடு குடியிருந்தாள். அக்கம்பக்கத்தில் முயல்கள், கீரிகள், அணில்கள். எல்லாம் கைக்கும் வாய்க்குமாகப் பிழைக்கிற குடும்பங்கள்தான்.

வடிவு படித்தவள். சாதாரணப் படிப்பு இல்லை. அந்தக் காட்டில் ஆலமரத்தடிக் கல்விக்கூடம் என்று ஒன்று உண்டு. அங்கே ஒரு பட்டம் வாங்கினால் ஒரு கழற்சிக்காயைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டிவிடுவார்கள். வடிவின் கழுத்தில் மூன்று காய்கள் இருந்தன. மூன்றாவது காய் முனைவர் பட்டத்துக்கு. கரையில் தண்ணீர் எப்படிக் கசிகிறது, எந்தக் கசிவைக் கண்டால் பயப்பட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அதற்காக ஒவ்வொரு மழைக்காலமும் கரையோரச் சேற்றிலேயே படுத்துக் கிடந்தாள்.

மூன்றாவது காயைக் கட்டிய அன்று பள்ளமே திரண்டு வந்து பார்த்தது. பக்கத்து வீட்டு முயல் தன் குட்டிகளை முன்னால் தள்ளிவிட்டு, "நல்லா பாத்துக்கோங்க! வடிவு அக்கா மாதிரி வரணும்!" என்றாள்.

காய் வந்தது. வேலைதான் வரவில்லை.

முதலில் அரண்மனைக்குப் போனாள். அங்கே செயலாளராக இருந்தது கழுதைப்புலி.

"நீர்க்காப்பாளர் பதவி காலியா இருக்குன்னு கேள்விப்பட்டேன் ஐயா!"

"காலியாத்தான் இருக்கு. பழைய ஆமை செத்ததிலிருந்தே காலிதான். இத்தனை வருஷத்துல எல்லாருக்கும் பழகிடுச்சு. இனிமே அதை எதுக்கு நிரப்பணும்?"

"ஐயா, நான் அதுக்குன்னே படிச்சவ!"

"சந்தோஷம்! மாலையை மட்டும் எப்பவும் கூடவே வெச்சுக்கோ. என்னைக்குக் கூப்பிடுவோம்னு சொல்ல முடியாது. கூப்பிட்ட அந்த நிமிஷமே காயைக் காட்டணும். காட்டலேன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்!"

அடுத்து, படித்த கல்விக்கூடத்துக்கே பாடம் நடத்தப் போனாள். மழைக்காலத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். வெயில் வந்ததும், "இந்த வருஷத்துக்கு அவ்வளவுதான்மா" என்று அனுப்பினார்கள். மறுபடி மழை வந்தால் மறுபடி போவாள். மறுபடி வெயில் வரும். இப்படியே அவளுடைய மீசை நரைக்கத் தொடங்கியது. ஒரு மழைக்கு, இன்னும் குறைந்த கூலிக்கு வேறொரு மூன்று காய்க்காரர் கிடைத்துவிட்டார். வடிவை யாரும் கூப்பிடவில்லை.

சரி, கௌரவம் பார்த்தால் ஆகாது என்று குரங்குத் தோட்டத்தில் பழம் பொறுக்கும் வேலை கேட்டாள்.

"மூணு காயா! அம்மாடி! நீங்க பழம் பொறுக்கலாமாங்க? நாளைக்கே பெரிய வேலை வந்தா விட்டுட்டு ஓடிடுவீங்க!" என்றது குரங்கு.

"அதெல்லாம் வராதுங்க!"

"அப்படிச் சொல்லக் கூடாதுங்க! கண்டிப்பா வரும்!"

வாயார வாழ்த்தி அனுப்பி வைத்தது. வாழ்த்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வறுத்தா சாப்பிட முடியும்?

நீர்நாய்க்கு ஏன் வேலை, ஏரியில் மீன் பிடித்துத் தின்னலாமே என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது சுலபம். ஏரி மீன் முழுவதும் அரண்மனைக்குச் சொந்தம். ஏரியில் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும் மாலையில் கூலியாக மீன் கிடைக்கும். மற்றவர்கள் வாய் வைத்தால் திருட்டு. வடிவின் அம்மாவுக்கோ பின்னங்கால் விளங்கவில்லை. அவள் வளையை விட்டு வெளியே வந்தே நாளாகிவிட்டது. எலும்பும் தோலுமாகக் கிடந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ஏரிக்கரையில் மண் சுமக்க ஆள் எடுத்தார்கள். மேஸ்திரி ஒரு கரடி. அவர் எப்படி மேஸ்திரி ஆனார் என்று யாருக்கும் தெரியாது. அரண்மனைக்குத் தேன் போகிற வழி மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

கரடி மேஸ்திரி ஒரு கல்லின்மேல் ஏறி நின்று கத்தினார்: "முதுகு வலிமை இருக்கிறவங்க வாங்க! படிச்சவங்க யாரும் வரக்கூடாது! படிச்சவங்க மண்ணைச் சுமக்க மாட்டாங்க, மண்ணைப் பத்திப் பேசுவாங்க!"

வடிவு ஒரு புதருக்குப் பின்னால் போனாள். கழுத்து மாலையைக் கழற்றினாள். வீட்டில் விட்டுவிட்டு வரலாம் என்றால், கழுதைப்புலி கூப்பிடும் நேரத்தில் கையில் இல்லாமல் போய்விடுமே! வேறு வழி தெரியவில்லை. மூன்று காயையும் வாயில் போட்டு ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். அப்படியே வரிசையில் போய் நின்றாள்.

"கன்னம் ஏன் வீங்கியிருக்கு?" என்று கேட்டார் கரடி.

"பல்வலிங்க."

"படிச்சிருக்கியா?"

"இல்லீங்க."

எவ்வளவு எளிதாக வந்தது அந்த வார்த்தை! இத்தனை வருடப் படிப்பைச் சொல்லி வாங்க முடியாத வேலையை அந்த ஒரு வார்த்தை வாங்கித் தந்துவிட்டது.

மாலையில் மீனோடு வீட்டுக்கு வந்தாள். அம்மாவின் கண் பளிச்சிட்டது.

"வேலை கிடைச்சிருச்சா! எங்க?"

"ஏரியில."

"நீர்க்காப்பாளரா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வடிவுக்கு முதுகு விண்ணென்று வலித்தது. விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. பேசாமல் தலையை ஆட்டிவிட்டாள். அவ்வளவுதான். விடிவதற்குள் பள்ளம் முழுக்கச் செய்தி போய்விட்டது.

வடிவு நாள்தோறும் மண் சுமந்தாள். அவளோடு முள்ளம்பன்றி செண்பகம் சுமந்தாள். ஒரு கூழைக்கடாவும் சுமந்தார். அவருடைய அலகுப் பை அவ்வளவு பெரியதாக இருந்தும் ஒரு நடைக்கு அரைப் பை மண்தான் கொண்டுவருவார். செண்பகத்துக்குக் கன்னம் வீங்கியிருந்தது. மண் வெட்டிய கீரிக்கும் வீங்கியிருந்தது. வரிசை முழுக்க யாரும் யாரோடும் பேசுவதில்லை.

"எனக்குன்னு வந்து வாய்ச்சதெல்லாம் பல்வலிக் கும்பல்!" என்று கரடி சிரிப்பார். "ஆனாலும் நல்ல கும்பல்! எதிர்த்து ஒரு வார்த்தை பேசாது!"

மழை பிடித்துக்கொண்டது. ஏரி விளிம்பு வரை நிறைந்தது.

ஒரு நாள் பிற்பகல், கரையின் வெளிப்பக்க அடியில் தண்ணீர் கசிவதை வடிவு பார்த்தாள். தெளிந்த தண்ணீர் கசிந்தால் பயமில்லை. கரை மூச்சு விடுகிறது என்று விட்டுவிடலாம். ஆனால் இது கலங்கலாக வந்தது. உள்ளே மண் கரைந்து போகிறது என்று அர்த்தம். கரை உள்ளுக்குள் குடைபட்டுக்கொண்டிருக்கிறது. அவளுடைய மூன்றாவது காய் முழுக்க இந்தக் கலங்கல் தண்ணீரைப் பற்றியதுதான்!

வாயில் காயை வைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "மேஸ்திரி, அந்தத் தண்ணி கொஞ்சம் கலங்கலா..."

"கலங்கினா உனக்கென்ன? நீ என்ன படிச்சவளா?"

அம்மா ராத்திரிக்கு என்ன தின்பாள் என்று வடிவு நினைத்தாள்.

"இல்லீங்க" என்றாள்.

பக்கத்தில் செண்பகமும் அந்தக் கசிவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டாள். கூழைக்கடா மேற்கே வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். எல்லோரும் மண்ணைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

அன்று மாலை பக்கத்து வீட்டு முயல் குட்டிகளோடு வளை வாசலுக்கு வந்தாள்.

"தண்ணி ஏறிக்கிட்டே போகுதே, மேட்டுக்குப் போயிடலாமா பெரியம்மா?"

வடிவின் அம்மா சிரித்தாள். "என் மக ஏரியைப் பாத்துக்கிறா. கரைக்கு ஏதாச்சும்னா அவ சொல்ல மாட்டாளா? போய் நிம்மதியாப் படுங்க!"

"அதுவும் சரிதான்!" என்று முயல் திரும்பிப் போனாள். உள்ளே உட்கார்ந்திருந்த வடிவு இதைக் கேட்டாள். சொல்லலாம் என்று எழுந்தாள். சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். நான் நீர்க்காப்பாளர் இல்லை, மண் சுமக்கிறவள், அதுவும் நாளைக்குப் போய்விடும் என்று சொல்ல வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று மறுபடி உட்கார்ந்துவிட்டாள். களைத்துப் போனவர்களுக்கு எல்லாமே நாளைக்குத்தான்.

காலையில் போனால், கசிவு ஊற்றாகியிருந்தது.

"வெளிப்பக்கம் மண்ணைக் கொட்டி அடைங்க! சீக்கிரம்!" என்று கரடி குதித்தார்.

கொட்டினார்கள். ஓர் இடத்தில் அடைத்தால் பக்கத்தில் இரண்டு இடத்தில் பீறிட்டது. வடிவு கீழே பள்ளத்தைப் பார்த்தாள். முயல் வீட்டு வாசலில் குட்டிகள் விளையாடிக்கொண்டிருந்தன.

அவள் காய்களைத் துப்பினாள்.

"நிறுத்துங்க மேஸ்திரி! வெளிய அடைச்சா தண்ணி வேற வழியைக் குடையும்! சரளையும் மணலும் போட்டு, மண்ணை நிறுத்தித் தண்ணியை மட்டும் வெளிய விடணும்! மிச்சத் தண்ணி போற கலங்கைத் திறந்து ஏரி மட்டத்தை இறக்கணும்!"

கரடி வாயைப் பிளந்தார். அதற்குள் செண்பகமும் துப்பினாள்.

"அக்கா சொல்றது சரி! இந்தப் பக்கம் முழுக்கக் களர் மண்ணு! தண்ணி பட்டா கரைஞ்சிடும்! வேலைக்கு வந்த அன்னைக்கே பாத்தேன்!"

கூழைக்கடா அலகைத் திறந்தார். பைக்குள்ளிருந்து காய்கள் பொலபொலவென்று கொட்டின. "மேற்கேயிருந்து இன்னொரு மழை வருது! முந்தாநாளே எனக்குத் தெரியும்!"

கீரி துப்பியது. அதற்குப் பின்னால் நின்றவர்களும் துப்பினார்கள். கரை நெடுகக் கழற்சிக்காய்கள் உருண்டன. எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை எப்படிச் சொல்வது! வெட்கமா, ஆறுதலா, அழுகையா என்று அவர்களுக்கே தெரியவில்லை.

"அப்போ யாருக்கும் பல்வலி இல்லையா?" என்றார் கரடி.

"இல்லீங்க!"

"நேத்தே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா அனுப்பியிருப்பீங்க!"

"இப்பவும்தான் அனுப்பப்போறேன்! முதல்ல அந்தக் கலங்கைத் திறங்க!"

கலங்கை நோக்கி எல்லோரும் ஓடினார்கள். பல வருடமாகத் திறக்காத அடைப்பு அது. பாறையும் வேருமாக இறுகிக் கிடந்தது. நேற்றே தொடங்கியிருந்தால் திறந்திருக்கும். வடிவு அதற்குமேல் நிற்கவில்லை. பள்ளத்தை நோக்கி ஓடினாள். "கரை போகுது! எல்லாரும் மேட்டுக்கு ஓடுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அம்மாவைப் பிடரியில் கவ்வி இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறினாள்.

பின்னால் கரை உடைந்தது.

வெள்ளம் வடிந்தபோது மேட்டின்மேல் எல்லோரும் நனைந்து நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முயல் தன் குட்டிகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை சரியாக வரவில்லை.

அம்மா வடிவின் முதுகைப் பார்த்தாள். மண் சுமந்து ரோமம் உதிர்ந்து காய்த்துப் போயிருந்த முதுகு.

"நீ நீர்க்காப்பாளர் இல்லையா?"

"இல்லம்மா. காயை வாயில ஒளிச்சு வெச்சுக்கிட்டு மண்ணு சுமந்தேன்."

"கரை உடையும்னு உனக்குத் தெரியுமா?"

"நேத்தே தெரியும்மா."

முயல் இருந்த பக்கம் அம்மாவால் திரும்பவே முடியவில்லை.

சேறு காய்வதற்குள் கழுதைப்புலி வந்து அறிவித்தது: "இவ்வளவு பெரிய காட்டில் கரையைப் பற்றித் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லையே என்று மன்னர் மிகவும் வருந்துகிறார்! ஆகவே பக்கத்துக் காட்டிலிருந்து நிபுணர் வரவழைக்கப்படுகிறார்! அவருக்கு மண் சுமக்க ஆட்கள் தேவை! கூலி மீன் உண்டு! படித்தவர்கள் வர வேண்டாம்!"

வடிவு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அம்மா காலை இழுத்து இழுத்து மேட்டை விட்டு இறங்கினாள். சேற்றைக் கிளறி, வெள்ளம் அடித்து வந்து போட்டிருந்த மகளின் அறுந்துபோன மாலையைத் தேடி எடுத்தாள். தேங்கியிருந்த தண்ணீரில் ஒவ்வொரு காயாகக் கழுவினாள். மூன்றாவது காயைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு மகளிடம் வந்தாள்.

"வாயைத் திற" என்றாள்.

வரிசை நீளமாக இருந்தது. செண்பகம் முன்னால் நின்றாள். கூழைக்கடா பின்னால் நின்றார். கரடி மேஸ்திரி ஒவ்வொரு கன்னமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அவருக்கும் ஆள் வேண்டுமே! வடிவின் முன்னால் வந்ததும் கொஞ்சம் நின்றார்.

"பல்வலியா?" என்றார்.

வடிவு தலையை ஆட்டினாள்.

வாயை மூடிக்கொண்டால்தான் சோறு என்று படித்தவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் காட்டில், கரை கசியும்போது சொல்வதற்கு ஒரு வாயும் திறந்திருக்காது.