போதும் என்று சொல்லாத விருந்தாளி

டொக். டொக். டொம்.

அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் இப்போது யாரும் இல்லை. கேட்டவர்கள் சொல்லக் கேட்டவர்களிடம் நான் கேட்டேன். அதனால் எனக்கும் அது காதில் இருக்கிறது.

மலைகளுக்கு இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலம். மஞ்சுமலை நாட்டில் வஞ்சி என்ற பெண் சின்ன மரச்சுத்தியால் பாலாடைக்கட்டியைத் தட்டிப் பார்ப்பாள். டொக் என்றால் இன்னும் பழுக்கவில்லை. டொம் என்றால் பழுத்துவிட்டது. நாம் இப்போது சீஸ் என்று காகிதத்தில் சுற்றிய துண்டாக வாங்குகிறோமே, அதற்கு இது பெரியப்பா. பாலைத் திரியவைத்து, பிழிந்து, உப்புத் தடவி, வண்டிச் சக்கரம் போல வட்டமாக அழுத்திப் பழுக்க வைப்பார்கள்.

வஞ்சியின் கணவன் ஏனாதி. நல்ல உழைப்பாளி, ஆனால் வாய்க்காரன். உன் கையைவிட வாய் நீளம் என்பாள் வஞ்சி. இந்த வாய் இல்லாவிட்டால் நீ என்னைத் திரும்பிப் பார்த்திருப்பாயா என்பான் அவன்.

அந்த வாய்தான் வினையாயிற்று. ஒருநாள் மதியம் கபாடன் என்ற மந்திரவாதி அவர்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். அவன் இடுப்பில் ஒரு சாம்பல் பை. அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து ஊதினால் ஆள் மரமாவான், மாடாவான், மண்ணாவான். மூன்று ராஜ்யங்களில் பந்தியில் உட்கார்ந்தவன். மூன்றிலும் ‘போதும்’ என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்ததே இல்லை. வஞ்சி வீட்டிலும் இருந்த அடை தீர்ந்தது, தேன் தீர்ந்தது, கட்டிகள் எல்லாம் தீர்ந்தன. இன்னும் போடு என்று இலையைத் தட்டினான்.

ஏனாதிக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. “ஐயா, இது வயிறா, குகையா? உள்ளே வௌவால் ஏதாவது தொங்குகிறதா என்று பார்த்தீர்களா?”

கபாடன் சிரிக்கவில்லை. சாம்பலை எடுத்தான். ஊதினான். ஏனாதி உட்கார்ந்திருந்த முக்காலியின் மேல் ஒரு பாலாடைக்கட்டி இருந்தது. வட்டமாக, வெளிர் மஞ்சளாக, இன்னும் இளஞ்சூடாக.

வஞ்சி அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். மந்திரவாதி கையைக் கழுவிக்கொண்டே சொன்னான்: “மழைக்காலம் முடிந்ததும் வருவேன். இதை நீயே அரிந்து, நீயே எனக்குப் பரிமாற வேண்டும். அதற்குள் கெட்டுப்போனால் அவன் போனான். கெடாமல் இருந்து, நான் தின்று முடிப்பதற்குள் என் வாயால் போதும் என்று சொல்லிவிட்டால், உன் புருஷன் உனக்கு.”

சொல்லிவிட்டு இடி இடிப்பது போலச் சிரித்துக்கொண்டு போனான்.

இப்போது கேளுங்கள், வஞ்சி என்ன செய்தாள் என்று. நூறு கட்டிகளைப் பக்குவமாகக் காத்தவள், இந்த ஒன்றை மட்டும் கட்டியாக நினைக்கவில்லை, கணவனாக நினைத்தாள். குளிருமே என்று கல்யாணப் பட்டில் இறுக்கிச் சுற்றினாள். யாராவது தூக்கிப் போய்விடுவார்களே என்று மரப்பெட்டியில் வைத்துப் பூட்டினாள். ஏனாதிக்கு அடுப்படியில் உட்காரப் பிடிக்குமே என்று பெட்டியை அடுப்பருகே இழுத்து வைத்தாள். அதன் மேல் தலை வைத்துத் தூங்கினாள்.

சில நாள் போனது. உத்தரத்தின் மேலிருந்து ஒரு சுண்டெலி தொண்டையைச் செருமிக்கொண்டது.

“அக்கா, பெட்டியைத் திற.”

“ஏன், தின்பதற்கா?”

“தின்ன ஆசைதான். ஆனால் இதைத் தின்ன மாட்டேன். நான் எலி. நானே மூக்கைப் பொத்திக்கொள்கிறேன் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்.”

வஞ்சி பதறிப் பெட்டியைத் திறந்தாள். பட்டு நனைந்து ஒட்டியிருந்தது. கட்டி முழுக்க வேர்த்திருந்தது. ஓரத்தில் கறுப்பாகப் பூஞ்சணம். சுத்தியால் தட்டினாள். டொக்கும் இல்லை, டொம்மும் இல்லை. சேற்றில் கால் வைத்தது போலச் சொத் என்றது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூச்சு விட இடமில்லாமல் அணைத்து வைத்திருக்கிறோம்! கண்ணைத் துடைத்தாள். முந்தானையைச் செருகினாள். இனி நீ எனக்குப் புருஷன் இல்லை, மழை முடியும்வரை வெறும் கட்டி என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டாள்.

வீட்டுக்குப் பின்னால் பாறையைக் குடைந்த குளிரறை இருந்தது. கட்டியை அங்கே தூக்கிப் போனாள். பூஞ்சணத்தை உப்புநீரால் துடைத்தெடுத்தாள். பட்டுக்குப் பதில் பருத்தித் துணியை உப்புநீரில் நனைத்துப் பிழிந்து தளர்வாகப் போர்த்தினாள். மரப்பலகை மேல் வைத்தாள். வாசனை ஏறிவிடும் என்று வெங்காயத்தையும் கருவாட்டையும் வெளியே கடத்தினாள். ஈரம் அடியில் தங்காதபடி தினமும் புரட்டி வைத்தாள். புரட்டும்போதெல்லாம் ஊர்க்கதை சொன்னாள். ஏனாதி குறுக்கே பேசாமல் கேட்டது அந்த மழைக்காலத்தில் மட்டும்தான். குளிரறை வாசலில் பூனையையும் கட்டி வைத்தாள். நல்லது சொன்னவனுக்கு இதுவா மரியாதை என்று எலி கோபித்துக்கொண்டது.

மழை குறைந்தது. தட்டினாள். டொக். இன்னும் குறைந்தது. தட்டினாள். டொக். ஒரு காலை வானம் கழுவி விட்டது போல இருந்தது. தட்டினாள்.

டொம்!

அந்த நொடியில் வாசல் கதவு அதிர்ந்தது. கபாடன் வந்துவிட்டான். பசி, பசி என்று கத்தினான். கட்டியை வெளியே எடுத்துக் குளிர் விட வைக்கக்கூட நேரம் தரவில்லை. இலையைப் போடு, அரிந்து போடு என்றான். வஞ்சி கட்டியின் மேல் கத்தியை வைத்தாள். குளிரறையிலிருந்து வந்த கட்டி, கல் போல இருந்தது. ஒரு துண்டு போட்டாள், விழுங்கினான். இரண்டு போட்டாள், விழுங்கினான். கால் சக்கரம் போயிற்று. அரைச் சக்கரம் போயிற்று. ஏனாதி பாதியாகிவிட்டான்! எலி உத்தரத்தின் மேல் கண்ணை மூடிக்கொண்டது.

“என்ன இது, ருசியே இல்லை,” என்றான் கபாடன். “போடு, இன்னும் போடு.”

ருசியே இல்லை. அந்தச் சொல் வஞ்சியின் காதில் மணி போல அடித்தது. ருசி தெரிந்தவன் நிறுத்துவான். ருசி தெரியாதவன் எப்படி நிறுத்துவான்? குளிர்ந்த கட்டியில் ருசி எங்கே இருக்கும்?

சட்டென்று குனிந்து அவன் முன்னால் இருந்த இலையை எடுத்துவிட்டாள். சாப்பிடுகிறவனின் இலையை எடுப்பது அந்த நாட்டில் போருக்கு அழைப்பது போல. கபாடன் முகம் சிவந்தது. சாம்பல் பையில் கையை விட்டான்.

“ஊதுங்கள் ஐயா,” என்றாள் வஞ்சி. “நானும் கட்டியாகிறேன். அப்புறம் உங்களுக்கு யார் அரிந்து பரிமாறுவார்?”

அவன் கை நின்றது. யோசித்தான். பிறந்ததிலிருந்து முதல் தடவையாகச் சாப்பாட்டுக்குக் காத்திருந்தான்.

வெயில் சன்னல் வழியாக வந்து பலகையைத் தொட்டது. கட்டி மெல்லக் குளிர் விட்டது. வெட்டிய முகத்தில் பளபளப்பு ஏறியது. பிறகு மணம் கிளம்பியது. ஈரப் புல், மழை, ஆட்டுக்குட்டியின் கழுத்து, புகை. எலி உத்தரத்திலிருந்து தவறி விழுந்தது. கபாடனின் மூக்கு துடித்தது.

வஞ்சி புது இலை போட்டாள். சூடாகத் தினை அடை, ஓரத்தில் கொஞ்சம் தேன். நடுவிலிருந்து தோல் வரைக்கும் ஒரே கீற்றாக, மெல்லியதாக அரிந்தாள். நடுவின் மென்மையும் ஓரத்தின் காரமும் ஒரே வாயில் சேர வேண்டும். விழுங்காதீர்கள், மெல்லுங்கள் என்றாள்.

கபாடன் மென்றான். மெல்ல மெல்ல அவன் தாடை தாமதித்தது. இரண்டாவது கீற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தின்றான். மூன்றாவதற்கு வெகு நேரம் எடுத்துக்கொண்டான். மிச்சம் இருந்தது உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றுதான்.

“போடட்டுமா ஐயா?” வீட்டுக்காரி கேட்டே ஆக வேண்டும்.

அவன் கை இலைக்குக் குறுக்கே வந்தது. மறித்தது. ஆனால் வாய் திறக்கவில்லை.

“கையை மறித்தால் எனக்குக் கணக்கில்லை. வாயால் சொல்லுங்கள்.”

அவன் முயன்றான். பழகாத சொல். உதடு கூடிப் பிரிந்தது. “போ...” என்றான். எச்சில் விழுங்கினான். கண்ணில் நீர் வந்தது.

“போதும், தாயே. வயிறு நிறைந்துவிட்டது.”

பலகை காலியாயிற்று. முக்காலியின் மேல் ஏனாதி! எலும்பும் தோலுமாக, ஆனால் முழுசாக ஏனாதி. முதல் வேலையாக மனைவியை முறைத்தான். “அந்தப் பட்டில் சுற்றினாயே, கொல்லவா பார்த்தாய்?”

வஞ்சி சிரித்தாள், அழுதாள், அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டாள், பிறகு கொஞ்சம் தளர்த்திக்கொண்டாள். கபாடன் போதும் என்றபோதே அவன் பையில் இருந்த மந்திரமும் தீர்ந்து, வெறும் சாம்பலாகிவிட்டது. மரமாக, மாடாக, மண்ணாக நின்றவர்கள் எல்லாம் மனிதர்களாகி வீடு திரும்பினார்கள். வழியில் வஞ்சி வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நன்றியாக ஆளுக்கொரு கறவை ஆடு கொண்டுவந்து கட்டினார்கள். அந்த மலைச்சரிவு வெள்ளையாகிவிட்டது.

கபாடன் அடிவாரத்தில் உப்பு விற்றுப் பிழைத்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு மார்கழியில் இருமல் கண்டு இறந்தான்.