இருங்கோளரின் வரிப்பெட்டி

வரி என்றாலே வயிற்றைக் கலக்குகிறதா? அப்படியானால் இப்படி வந்து உட்காருங்கள். மழவராயர் ஆண்ட காலத்தில் மாங்குடிக்கோட்டையில் நடந்த கூத்து ஒன்று சொல்கிறேன்.

அங்கே வரி அதிகாரி இருங்கோளர். அவரிடம் ஓர் இரும்புப் பெட்டி. அதற்கு ஏழு பூட்டு. உள்ளே ஓர் ஓலை. எந்தத் தொழிலுக்கு எவ்வளவு வரி என்பது அந்த ஓலைக்குத்தான் தெரியும். வருஷத்துக்கு ஒரு நாள் பெட்டி திறக்கும். எழுத்தர்கள் ஒவ்வொருவராக உள்ளே போவார்கள். ஓலையைத் துணியால் மூடி, ஒருவருக்கு ஒரு தொழிலின் அளவு மட்டும் தெரிகிற மாதிரி காட்டுவார்கள். அவர் அதைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்துவிட வேண்டும்.

"ரகசியம் என்றால் ரகசியம்! பூட்டிய பிறகு நானே முழுசாகப் பார்த்ததில்லை!" என்று இருங்கோளர் மார்தட்டுவார். என்ன பெருமையோ!

ஒரு நாள் செம்பாயி சபைக்கு வந்தாள். ஒற்றைச் செக்கை வைத்து எண்ணெய் ஆட்டிப் பிழைப்பவள்.

"மகாராஜா, முன்னே வருஷத்துக்கு ரெண்டு குடம் எண்ணெய் கட்டினேன். நாலு வருஷமா பன்னிரண்டு குடம் கேக்கறாங்க. மாடும் எலும்பும் தோலுமா ஆயிடுச்சு. வர்ற வெள்ளிக்கிழமை செக்கையே தூக்கிட்டுப் போறாங்களாம். அப்புறம் நான் எங்கே போவேன்?"

"பெட்டி தப்பு செய்யாது" என்றார் இருங்கோளர்.

சபையில் இருந்த அரண்மனை விகடகவி பூவணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய் சும்மா இருக்குமா?

"பெட்டி தப்பு செய்யாது, சரி. உள்ளே இருப்பதை யாராவது ஒருமுறை படித்துப் பார்த்தால் என்ன?"

"படிப்பதா! ஊருக்குத் தெரிந்தால் ஆளுக்கு ஆள் ஏய்ப்பார்கள். பெட்டியைத் திறக்கக் கூடாது!"

மழவராயருக்கு இரண்டு பேரையும் மோதவிட்டு வேடிக்கை பார்ப்பதில் ஆசை அதிகம். மீசையை நீவிக்கொண்டார்.

"பூவணா, பெட்டியைத் தொடாமல், திறக்காமல், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல். சொன்னால் செக்கு இவளுக்கு. தவறினால் செக்கு அரண்மனைக்கு. அதை இழுக்க மாடு தேவையில்லை, நீ போதும்."

சபை சிரித்தது. பூவணனும் சிரித்து வைத்தான். செம்பாயி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை சந்தையில் இரண்டு புளியமரங்களுக்கு நடுவே நீளமாக ஒரு கயிறு கட்டினான். "அவரவர் வரிச்சீட்டை இங்கே கொண்டுவந்து தொங்கவிடுங்கள்!" என்று தமுக்கு அடிக்கச் சொன்னான்.

இருங்கோளர் மூச்சு வாங்க அரண்மனைக்கு ஓடினார். "மகாராஜா, அநியாயம்!"

"பெட்டியைத் தொட்டானா?"

"இல்லை."

"திறந்தானா?"

"இல்லை."

"அப்புறம் என்ன? நடங்கள், வேடிக்கை பார்ப்போம்."

அரசர் வந்தபோது சந்தையே கயிற்றடியில் நின்றது. எல்லோரும் அடுத்தவர் சீட்டைத்தான் முதலில் படித்தார்கள். மனுஷ சுபாவம்!

"யோவ், முப்பது வண்டி ஓட்டுற உப்பு வியாபாரிக்கு வெறும் மூணு மரக்கால்தானா?"

"தட்டாருக்கு ஒரு ஜோடி தோடாம். அதுவும் குழந்தைக்குப் போடுற அளவு!"

"நாவிதருக்குப் பாருங்க, ஒரு மொட்டையாம்!"

"ஆமாய்யா," என்றார் நாவிதர். "வருஷா வருஷம் அரண்மனைக்குப் போய் எந்தக் குழந்தையாவது மாட்டினால் மொட்டை அடித்துவிட்டு வருகிறேன். சட்டம் ஆயிற்றே!"

பூவணன் அங்கும் இங்கும் நடந்தான். வாழைத்தோட்டக்காரருக்கு ஆயிரம் இலை. குயவருக்கு நாற்பது பானை. வெல்லம் எட்டு மூட்டை. ஏதோ தட்டுப்படுகிறது, பிடிபடவில்லை. தலையைச் சொறிந்தான்.

அப்போது கத்தரிக்காய் வாங்க வந்த அரண்மனைச் சமையல்காரர் அப்பூதி கூட்டத்தில் தலையை நீட்டினார். கயிற்றின் ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை ஒரே மூச்சில் படித்தார்.

"அட, இதையா இத்தனை பேர் முழிச்சுப் பார்க்கிறீங்க? ஆயிரம் இலை போடுற காதுகுத்து விருந்துக்குச் சாமான் சீட்டு இது! எண்ணெய் பன்னிரண்டு குடம், கணக்கு கச்சிதம்!"

பூவணன் அரசர் முன்னால் கைகட்டி நின்றான். "மகாராஜா, பெட்டிக்குள் இருப்பது காதுகுத்துச் சீட்டு. திறக்கலாமா என்று இனி நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

பெட்டி வந்தது. ஏழு பூட்டும் திறந்தன. ஓலையின் தலைப்பில் முத்து முத்தாக எழுதியிருந்தது: 'பேத்தி காதுகுத்து.'

இருங்கோளருக்கு முகம் வெளிறிவிட்டது. "ஐயோ, நாலு வருஷத்துக்கு முன்னால் என் பேத்திக்குக் காது குத்தியபோது வரி ஓலை, சாமான் ஓலை இரண்டும் என் மடியில்தான் இருந்தன. மாற்றி வைத்துப் பூட்டிவிட்டேன் போலிருக்கிறதே!"

"அப்படியானால் என் வரிச்சட்டம் எங்கே போயிற்று?" என்று அரசர் கர்ஜித்தார்.

அப்பூதி மெல்லக் கையைத் தூக்கினார். "அந்த விருந்துக்குச் சமைத்தது நான்தான், எனக்கு இவர் ஓர் ஓலை கொடுத்தனுப்பினார், மகாராஜா. அரச முத்திரை இருந்தது. மீற முடியுமா? அதன்படியே பரிமாறினேன். 'அரசருக்கு ஆறில் ஒரு பங்கு' என்று போட்டிருந்தது."

மழவராயர் எழுந்தே விட்டார். "அடப்பாவி! அன்றைக்கு ஒரு வடையை ஆறாக வெட்டி, என் இலையில் ஒரே ஒரு துண்டு வைத்தாயே! அது இதனால்தானா?"

"ஓலையில் அப்படித்தான் இருந்தது, மகாராஜா."

அரசர் அங்கேயே தீர்ப்புச் சொன்னார். செக்கு செம்பாயிக்கே. நாலு வருஷமாக அதிகம் வாங்கிய நாற்பது குடம் எண்ணெயும் திரும்ப வேண்டும். அப்பூதியிடம் இருக்கும் சட்டத்தைச் சந்தைச் சுவரில் கல்லில் வெட்ட வேண்டும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், படி எடுக்கலாம், தப்பு இருந்தால் சபைக்கு வந்து சொல்லலாம். செம்பாயி வாய்விட்டு அழுதுவிட்டாள்.

இருங்கோளர் மட்டும் விடவில்லை. "மகாராஜா, சுவரில் வெட்டினால் கண்டவனெல்லாம் பார்ப்பானே!"

"பார்க்கட்டுமே, ஐயா" என்றான் பூவணன். "அன்றைக்கே யாராவது ஒருத்தன் பார்த்திருந்தால் மகாராஜாவுக்கு முழு வடை கிடைத்திருக்கும்!"

மழவராயர் சிரித்த சிரிப்பில் கயிற்றில் தொங்கிய சீட்டெல்லாம் ஆடின.