கம்ப்யூட்டர் பொய் சொல்லாது

ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருந்தது. அதற்கு வேலை அனுப்ப ஒரு பெயரைத் தட்டினால் போதும், பாஸ்வேர்டு கேட்காது.

ஒருநாள் பாலிசிக் கோப்புகள் அத்தனையும் அழிந்தன. அழித்த வேலையை அனுப்பியவர் என்று கிளார்க் ஞானதீபன் பெயர் இருந்தது.

"நான் அனுப்பவே இல்லை சார்!"

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுய்யா" என்று மேனேஜர் தணிகாசலம் அன்றே அவரை வேலையை விட்டு நீக்கினார்.

பிரிண்டர் அறையில் தாள் கிழித்துக் கொடுக்கும் எழிலரசி பத்து நாள் பொறுத்துப் பார்த்தாள். பதினோராம் நாள் மேனேஜர் மேஜையில் கம்ப்யூட்டர் அச்சடித்த ஒரு தாளை வைத்தாள். 'கோப்புகளை அழித்தது நான்தான். அனுப்பியவர்: தணிகாசலம்.'

மேனேஜர் குதித்தார். "யாரும்மா என் பேர்ல அனுப்பினது?"

"நீங்கதான் சார். கம்ப்யூட்டர் பொய் சொல்லாதே."

மேனேஜர் போனை எடுத்தார். அன்று மாலையே கம்ப்யூட்டர் எல்லோரிடமும் பாஸ்வேர்டு கேட்டது. கிளை ஆபீஸ்களிலிருந்து வரும் இணைப்புகளிடமும் கேட்டது. ஞானதீபனைத் திரும்ப அழைத்துக் கடிதமும் போனது.

கடிதம் அப்படியே திரும்பி வந்தது. 'வீட்டைக் காலி செய்துவிட்டார்' என்று தபால்காரர் எழுதியிருந்தார்.

பாஸ்வேர்டு கேட்காது என்பது எழிலரசிக்கு மூன்று வருஷமாகத் தெரியும். நமக்கெதுக்கு வம்பு என்று சொல்லாமல் இருந்துவிட்டாள்.