எந்தப் பாசறையில் சோறு ருசி?

ஆற்றங்கரை நாவல் மரத்தடியில் ஒரு குடிசை, நாலைந்து சீடர்கள், ஒரு பெரிய வெண்கலப் பானை. நாவலடிச் சாமியின் மடம் அவ்வளவுதான். சாமிக்குத் தியானம் எவ்வளவு பிடிக்குமோ, சாப்பாடும் அவ்வளவு பிடிக்கும். அதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை.

அந்த வருஷம் ராஜா ஊர் ஊராகப் பறை அறைவித்தார். வீட்டுக்கு ஒரு ஆண்பிள்ளை படையில் சேர வேண்டும். யானைப்படையா, குதிரைப்படையா, மரக்கலப் படையா, காலாட்படையா என்பதை அவரவரே முடிவு செய்யலாம். முடிவு செய்ததும் அந்தப் படையின் முத்திரையைத் தோளில் பச்சை குத்திவிடுவார்கள். அப்புறம் மாற முடியாது.

சாமியின் சீடர்களில் ஐயாறன் என்று ஒருவன். அவன் வீட்டில் அவனும் அம்மா செங்கமலமும்தான். அதனால் போக வேண்டியவன் அவனே. போவதில் அவனுக்குத் தயக்கம் இல்லை. எதில் சேருவது என்பதில்தான் தூக்கம் போயிற்று.

அவன் அப்பா குதிரைப்படையில் இருந்தவர். வடக்கு எல்லைக்குப் போனவர் திரும்பவில்லை. ஆற்றைத் தாண்டும்போது பார்த்தேன் என்றான் ஒருவன். மலைக்கணவாயில் பின்தங்கிவிட்டார் என்றான் இன்னொருவன். விழுந்த இடத்தைப் பார்த்தவர் யாரும் இல்லை. என்ன திதி என்று தெரியாததால், ஆடி அமாவாசைக்கு எல்லோரோடும் சேர்த்து எள்ளும் தண்ணீரும் விடுவார்கள். விளக்கேற்றி வைத்துவிட்டு, எந்தத் திசையைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல் செங்கமலம் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருப்பாள்.

பறைச் சத்தம் கேட்ட அன்று அவள் மகனிடம் இதைத்தான் சொன்னாள்.

"போகாதேன்னு சொல்ல மாட்டேம்ப்பா. சாமி விட்ட வழி. ஆனா உனக்கு என்ன ஆச்சுன்னு எங்கிட்ட வந்து சொல்ல ஒரு ஆள் இருக்கற இடமாப் பாத்துச் சேரு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

மறுநாள் காலையில் சாமி மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். ஐயாறன் போய் எதிரில் உட்கார்ந்தான்.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

"உரிச்சுக்கிட்டே கேளு."

"எந்தப் படையில சேரட்டும்?"

"உனக்கு எதுல ஆசை?"

"யானைப்படை."

"யானைன்னா அவ்வளவு பிரியமா?"

"இல்லை சாமி. பயம்."

சாமியின் கையில் இருந்த மொச்சை தவறிக் கீழே விழுந்தது. சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார்.

"பின்னே ஏண்டா?"

"யானை மேல இருக்கறவன் எல்லார் கண்ணுக்கும் தெரிவான். விழுந்தாலும் தெரியும். அம்மாகிட்டப் போய்ச் சொல்ல ஆள் இருக்கும்."

சாமி கீழே விழுந்த மொச்சையை எடுத்துக் கூடையில் போட்டார். பிறகு கேட்டார்.

"படையில சேர்றதுக்கு முன்னாடி எந்தப் பாசறையிலயும் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிடலாம்னு ஒரு வழக்கம் உண்டே. இன்னும் இருக்கா?"

"இருக்கு. ஆனா சேரப்போற படையில மட்டுந்தான் எல்லாரும் சாப்பிடுவாங்க."

"நீ நாலுலயும் சாப்பிடு. எங்கே சோறு நல்லாயிருந்துச்சுன்னு வந்து சொல்லு."

"சாமி, நான் உசிர் போற விஷயம் பேசிக்கிட்டிருக்கேன்."

"நானும் அதைத்தான் பேசறேன். யானைப்படையில நெய் தாராளமா விடுவாங்களாம். நிஜமான்னு பாத்துட்டு வா."

ஐயாறன் முதலில் யானைப்படைக்குத்தான் போனான். அங்கே யானைகள் சாப்பிட்டு முடிக்கும்வரை மனிதர்களுக்கு இலை போடுவதில்லை. பாகன் ஒருவர் வெல்லம் பிசைந்த சோற்றுக் கவளத்தை யானையின் வாயில் வைத்து, "இன்னும் ஒண்ணே ஒண்ணு, என் ராசாத்தி" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். ஐயாறனின் வயிறும் சேர்ந்து கெஞ்சியது.

கடைசியில் சோறு வந்தது. பருப்பு, அப்பளம், நிஜமாகவே நெய்.

"அண்ணே, சண்டையில கீழே விழுந்துட்டா?" என்று பாகனிடம் கேட்டான்.

"யாரு, யானையா?"

"இல்லண்ணே, ஆளு."

"ஆளா?" பாகன் விரலில் இருந்த நெய்யை நக்கிக்கொண்டே யோசித்தார். "யானை விழுந்துச்சுன்னா ராஜாவே வந்து அழுவாரு தம்பி."

அடுத்த நாள் குதிரைப்படை. மனசில்லாமல்தான் போனான். அங்கே பந்தி என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு வீரனும் தன் குதிரையின் பக்கத்தில் நின்றபடியே கொள்ளுக் கஞ்சியைக் குடித்தான். குடித்துவிட்டுச் சேணத்தை இழுத்துக் கட்டினான். நல்ல கஞ்சி. காரசாரமாக இருந்தது. ஆனால் யாரிடமும் பேச்சுக் கொடுக்க முடியவில்லை. அப்பாவும் இப்படித்தான் நின்றுகொண்டே குடித்திருப்பாரோ என்று நினைத்துக்கொண்டான். கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பிவிட்டான்.

மூன்றாம் நாள் கிளம்பும்போதே, மிச்சம் இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டான். போகிற வழியில் காலாட்படைப் பாசறை இருந்தது. வாசற்காவலாளியிடம், "துறைக்குப் போயிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத் துறைமுகத்துக்கு நடந்தான்.

மரக்கலத்தில் கருவாட்டுக் குழம்பு. கலம் கரையில்தான் கட்டியிருந்தது. இருந்தாலும் மெல்ல ஆடியது. இரண்டு வாய் உள்ளே போனதும், போனது திரும்பி வந்துவிட்டது.

"கட்டிப்போட்ட கலத்துலயே வாந்தி எடுத்த மொத வீரன் நீதாம்ப்பா!" என்று மாலுமிகள் அவனைத் தோளில் தூக்கிவைத்து ஆடினார்கள். ஆடியதில் இன்னொரு தரம் வந்தது.

தலை சுற்றல் நிற்கட்டும் என்று அவன் ஒரு கிடங்கின் பின்பக்க நிழலில் போய்ப் படுத்தான். கண் விழித்தபோது பொழுது மேற்கே சாய்ந்திருந்தது. சாப்பாடு எல்லாம் முடிந்திருக்கும், வருகிறேன் என்று சொன்ன வாய்க்கு முகத்தையாவது காட்டிவிட்டுப் போவோம் என்று குறுக்குப் பாதையில் நடந்தான்.

காலாட்படைப் பாசறையில் நீளப் பந்தி. இலை நிறையச் சோறு பரிமாறியிருந்தது. ஒருவரும் கை வைக்கவில்லை. ஓரத்தில் ஓர் இலை மட்டும் ஆளில்லாமல் கிடந்தது.

"வந்துட்டாருய்யா மாப்பிள்ளை!" என்று பந்தியில் யாரோ கத்தினார்கள்.

"மேளக்காரங்களை எழுப்புங்கப்பா! அவங்களும் பசியில மயங்கிக் கிடக்கறாங்க!"

நரைத்த மீசைக்காரர் ஒருவர் அவன் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா என் மீசையையே தின்னிருப்பேண்டா."

ஐயாறனுக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்கல்லாம் சாப்பிட்டிருக்கலாமே?"

"ஒரு இலை காலியாக் கிடக்குறப்போ எப்படிறா கை வைக்கிறது?"

"நான் வராமலே போயிருந்தா?"

"அதுக்குத்தான் ரெண்டு பேரு உன்னைத் தேடித் துறைக்குப் போயிருக்காங்க."

ஐயாறன் தலையைக் குனிந்துகொண்டு சோற்றில் கை வைக்கப் போனான். மீசைக்காரர் பட்டென்று அவன் புறங்கையில் ஒன்று போட்டார்.

"எங்கேடா அவசரம்? போனவங்க வர வேணாமா?"

அந்த இருவரும் வியர்த்து விறுவிறுக்க வந்து சேர்ந்தார்கள். மரக்கலத்தில் உருண்டு கிடப்பான் என்று உள்ளே போய்க்கூடப் பார்த்தார்களாம். அவன் வம்சத்தையே இழுத்துத் திட்டிவிட்டு, அவனுக்கு இரண்டு பக்கமும் நெருக்கி உட்கார்ந்தார்கள். அப்புறம்தான் பந்தி முழுவதும் ஒன்றாகக் கை வைத்தது. ஒருத்தன் தன் இலையில் இருந்த ஊறுகாயை எடுத்து, "வாந்திக்கு நல்லது, தின்னு" என்று ஐயாறன் இலையில் வைத்தான்.

சாமியிடம் திரும்பி வந்தபோது அவர் அடுப்படியில் இருந்தார்.

"நெய் உண்டா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"உண்டு சாமி. யானைப்படைச் சோறுதான் சோறு. குதிரைப்படையில கொள்ளுக் கஞ்சி, பரவாயில்லை. மரக்கலத்தைப் பத்தி மட்டும் கேக்காதீங்க."

"காலாட்படையில?"

"சுமார்தான். புளிச்ச மோரு. சோறு ஆறி விறைச்சுப் போயிருந்துச்சு."

"அடடா. ஏன் ஆறிச்சு?"

"என்னாலதான். நான் போக நேரமாயிடுச்சு. எல்லாரும் அப்படியே உட்கார்ந்திருந்தாங்க. ரெண்டு பேரு என்னைத் தேடிக்கூடப் போயிருந்தாங்க."

"உன் பேரு தெரியுமா அவங்களுக்கு?"

"தெரியாது சாமி. 'சாப்பிட வர்றேன்னு சொன்னவனே'ன்னு துறை முழுக்கக் கூவியிருக்காங்க."

சாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஐயாறனும் சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் அவன் முகத்தில் பழைய கவலை வந்து உட்கார்ந்துகொண்டது.

"ஆனாலும் சாமி, காலாட்படை தரையில இல்ல நடக்குது? ஆயிரம் பேரு, அத்தனை புழுதி. அதுக்குள்ள நான் விழுந்தா யாருக்குத் தெரியும்? யானை மேலன்னா எட்ட இருந்தே பாத்துடலாமே."

சாமி அடுப்பிலிருந்து பானையை இறக்கினார். இலைகளை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"பக்கத்து இலைக்காரன் உன்னைப் பாக்கறதுக்கு யானை எதுக்குடா?"